விளக்கு எரிந்த பிறகு தொடங்கும் பாடம்

உயர்நிலைப் பள்ளியில் கணினி கற்பிக்கும் ஆசிரியை ஒருவரின் கேள்வி இது: "ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு நிரலாக்கத்தை மின்துணிக் கைவேலை (துணியில் மின்சுற்று தைக்கும் இ-டெக்ஸ்டைல்) மூலம் அறிமுகப்படுத்தலாம் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். துணியில் விளக்கு தைப்பதில் கணினி அறிவு எங்கே இருக்கிறது? கடைசியில் இது தையல் வகுப்பாகவே முடிந்துவிடாதா? செய்வதென்றால் எங்கிருந்து தொடங்குவது?"

தையல் வகுப்பாக முடிந்துவிடும் ஆபத்து உண்மையானதுதான். பட்டன் பேட்டரி, மின்சாரம் கடத்தும் நூல், ஒரு எல்இடி ஆகியவற்றைத் துணியில் தைத்து, விளக்கு எரிந்ததும் கைதட்டி, படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் மாணவர்கள் கற்றது ஓர் எளிய மின்சுற்று மட்டுமே. அதில் தவறில்லை, ஆனால் அதைக் கணினிப் பாடம் என்று அழைக்க முடியாது. விளக்கு எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும், யார் தொட்டால் எப்படி மாற வேண்டும் என்பதை மாணவரே எழுதிய நிரல் தீர்மானிக்கும்போதுதான் கணினிப் பாடம் தொடங்குகிறது. அந்த இடம்வரை கொண்டு செல்லத் துணிந்தால், தாராளமாகச் செய்யுங்கள். பிழையைத் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கத்தை இவ்வளவு சீக்கிரம் ஊட்டும் வேறோர் அறிமுகப் பாடத்தை நான் பார்த்ததில்லை.

முதலில் கொஞ்சம் பின்னணி. தைக்கக்கூடிய மைக்ரோகன்ட்ரோலர் பலகை (நிரலை ஏற்றி இயக்கும் சிறு கணினிச் சில்லுள்ள பலகை) பள்ளிகளுக்கு வந்ததற்கு முக்கியக் காரணம் லியா பீக்லி. கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் ஆய்வு மாணவியாக இருந்தபோது ஆர்டுயினோ என்ற நிரல் பலகை வகையில் அவர் வடிவமைத்ததுதான் 'லிலிபேட் ஆர்டுயினோ'. ஸ்பார்க்ஃபன் நிறுவனம் 2007இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஏறக்குறைய 5 செ.மீ. விட்டமுள்ள வட்டப் பலகை. விளிம்பைச் சுற்றிலும் பூவிதழ்களைப் போல உலோகத் துளைகள். அந்தத் துளைகளில் கம்பியைப் பற்றவைக்கத் தேவையில்லை. ஊசியைக் கோத்துத் தைத்தாலே போதும். பலகைக்குள் இருப்பதோ மற்ற ஆர்டுயினோக்களில் இருக்கும் அதே குடும்பத்துச் சில்லுதான். எழுதும் நிரலும் அதே மொழிதான். இது பொம்மைக் கணினி அல்ல என்பதை மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பீக்லியும் பெஞ்சமின் மாக்கோ ஹில்லும் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வழக்கமான ஆர்டுயினோ வாங்கியவர்களில் சுமார் 9 விழுக்காட்டினர் பெண்கள் என்றும், லிலிபேட் வாங்கியவர்களில் சுமார் 35 விழுக்காட்டினர் பெண்கள் என்றும் கண்டார்கள். இணையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த லிலிபேட் படைப்புகளைப் பார்த்தால், அவற்றில் பெரும்பான்மை பெண்கள் செய்தவை. உள்ளே இருக்கும் தொழில்நுட்பம் மாறவில்லை. வெளியே இருக்கும் பொருள் மட்டுமே மாறியது. அந்த மாற்றமே யார் உள்ளே வருகிறார்கள் என்பதை மாற்றிவிட்டது. 'பெண்களுக்குக் கணினியில் ஆர்வமில்லை' என்று சொல்பவர்கள் இந்த எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பள்ளிக்குள் இதை முறையாகச் செய்து காட்டிய இடம் லாஸ் ஏஞ்சலஸ். அங்கே அரசுப் பள்ளிகளில் கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள் ஏன் கணினி அறிவியலுக்கு வருவதில்லை என்று ஜேன் மார்கோலிஸும் அவருடைய குழுவினரும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். கணினிகள் இருந்த பள்ளிகளிலும் கற்பிக்கப்பட்டது பெரும்பாலும் தட்டச்சும் அலுவலக மென்பொருளும்தான் என்பது தெரியவந்தது. அதற்கு மாற்றாக ஜோவானா கூட் உள்ளிட்டோருடன் சேர்ந்து 2008இல் ஓர் அறிமுகப் பாடத்திட்டத்தைத் தொடங்கினார்கள். பின்னாளில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் யாஸ்மின் கஃபாய், யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டெபோரா ஃபீல்ட்ஸ் ஆகியோர் அந்தத் திட்டத்தில் மின்துணி அலகு ஒன்றைச் சேர்த்தார்கள். வகுப்பெடுத்தவர்கள் சாதாரணக் கணினி ஆசிரியர்கள். அவர்களில் பலருக்கு ஊசி பிடித்த பழக்கமே இல்லை. ஆகவே, 'எனக்குத் தைக்கத் தெரியாதே' என்று நீங்கள் தயங்கத் தேவையில்லை.

அந்த அலகில் நான்கு வேலைகள் படிப்படியாக வருகின்றன. முதலாவது, செப்பு நாடாவும் எல்இடியும் ஒட்டிய வாழ்த்து அட்டை. இரண்டாவது, மணிக்கட்டில் கட்டும் பட்டை: மூன்று விளக்குகள் பக்க இணைப்பில் (ஒவ்வொன்றும் பேட்டரியோடு தனித்தனியே சேரும்படி) இருக்கும், பட்டையின் இரு முனைகளையும் பிரஸ் பட்டனால் சேர்த்தால் சுற்று மூடி விளக்குகள் எரியும். இந்த இரண்டிலும் நிரல் கிடையாது. கை பழக வேண்டும், நேர்முனையும் எதிர்முனையும் மனத்தில் பதிய வேண்டும் என்பதற்காக மட்டுமே இவை இருக்கின்றன. எத்தனையோ பட்டறைகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. கணினியைத் தேடி வந்த மாணவருக்கு இது பெரிய ஏமாற்றம்.

மூன்றாவது வேலையில்தான் நிரல் நுழைகிறது. வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு பெரிய சுவர்ப்படம் செய்கிறது. இருவர் இருவராக ஒரு துணிச் சதுரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு பலகை, சில விளக்குகள், இரண்டு சுவிட்சுகள். இரண்டு சுவிட்சு என்பது சாதாரணமாகத் தோன்றலாம். இரண்டும் அணைந்த நிலை, முதலாவது மட்டும் இயங்கும் நிலை, இரண்டாவது மட்டும் இயங்கும் நிலை, இரண்டும் இயங்கும் நிலை என நான்கு நிலைகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்குக் கோலம் வேண்டும். 'இதுவும் அதுவும்', 'இது உண்டு, அது இல்லை' என்ற தருக்கம் இங்கே கரும்பலகை அட்டவணையாக வருவதில்லை. தம் விரலை எங்கே வைத்தால் என்ன நடக்கிறது என்பதாக வருகிறது. மூன்றாவது சுவிட்சு வைத்தால் எத்தனை நிலைகள் என்று கேட்டுப் பாருங்கள். ஆறு என்பார்கள் சிலர். நிலைகளை எழுதிப் பார்த்தபின் எட்டு என்று அவர்களே திருத்திக்கொள்வார்கள். இரட்டிப்பு வளர்ச்சியைப் பற்றி அதற்குமேல் சொற்பொழிவு தேவையில்லை.

நான்காவது வேலை என் மனத்துக்கு மிக நெருக்கமானது. துணியில் இரண்டு அலுமினியத் தாள் துண்டுகளை ஒட்டி, ஒன்றைப் பலகையின் உள்ளீட்டுத் துளைக்கும் மற்றொன்றை எதிர்முனைக்கும் தைத்துவிடுகிறார்கள். இரண்டையும் கையால் பிடிக்கும்போது உடல் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் பாய்கிறது. பலகை அதை 0 முதல் 1023 வரையிலான ஓர் எண்ணாகப் படிக்கிறது. பலகைக்குள்ளேயே இருக்கும் மின்தடையை நிரல் வழியாக இயக்கிவைத்தால், தொடாதபோது எண் உச்சத்துக்கு அருகில் நிற்கும். மென்மையாகத் தொட்டால் கொஞ்சம் இறங்கும். இறுகப் பிடித்தால் இன்னும் இறங்கும். திரையில் ஓடும் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே மாணவர்கள் ஒருவர் கையை ஒருவர் சோதிக்கத் தொடங்குவார்கள். ஒருவருக்கு 900, இன்னொருவருக்கு 700. வியர்த்த கைக்கு வேறு எண். மின்விசிறிக்குக் கீழே உலர்ந்த கைக்கு வேறு எண். அப்படியானால் எந்த எண்ணை எல்லையாக வைப்பது? எல்லாருடைய கைக்கும் வேலை செய்யும் எல்லை ஒன்று இருக்கிறதா? உணரிகளோடு (சென்சார்களோடு) வேலை செய்யும் எந்தப் பொறியாளரும் தினமும் கேட்கும் கேள்வி இது. பதினான்கு வயதில் அதை யாரும் ஊட்டாமலே கேட்கிறார்கள்.

நிரலின் நுணுக்கமும் இங்கேதான் பிடிபடுகிறது. ஒரு மாணவி இப்படி எழுதுகிறாள் என்று வையுங்கள்: எண் 950க்குக் கீழே இருந்தால் மெல்ல மின்னு, இல்லையென்றால், எண் 800க்குக் கீழே இருந்தால் வேகமாக மின்னு. இறுகப் பிடித்தாலும் விளக்கு மெல்லத்தான் மின்னும். 700 என்பது 950க்கும் கீழேதானே? முதல் நிபந்தனையிலேயே பலகை திருப்தியடைந்துவிடுகிறது. இரண்டாவதைப் பார்ப்பதே இல்லை. நிபந்தனைகளின் வரிசை பொருளையே மாற்றிவிடும் என்பதை நாம் எத்தனை முறை சொன்னாலும் பதியாது. தான் தைத்த துணி தன் பிடிக்கு இணங்க மறுக்கும்போது பதிந்துவிடுகிறது.

இன்னொன்று காத்திருப்புக் கட்டளை. 'இரண்டு விநாடி எரி, இரண்டு விநாடி அணை' என்று எழுதிய நிரலில் அந்த நான்கு விநாடிகளுக்குள் ஒருவர் தொட்டுவிட்டுக் கையை எடுத்தால் எதுவுமே நடக்காது. மாணவர்கள் உணரி பழுது என்று நினைத்து நூலைப் பிரிக்க ஓடுவார்கள். நில்லுங்கள் என்று சொல்லி, நிரலை வரி வரியாக விரலால் தொட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பலகை எந்த நேரமும் கண்விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 'இப்போது படி' என்று சொன்ன வரி வரும்போது மட்டும்தான் பார்க்கிறது என்பது அப்போது புரியும். கணினி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றிய மாணவரின் மனப்படம் அந்த இடத்தில் நேராகிறது. திரையில் மட்டும் நிரல் எழுதும் வகுப்பில் இந்தத் தவறான மனப்படம் வெளியே தெரியாமலே பல மாதங்கள் உட்கார்ந்திருக்கும்.

ஆகவேதான் இந்தப் பாடத்தின் உயிர் பிழைதேடலில் இருக்கிறது என்று சொல்கிறேன். விளக்கு எரியவில்லை என்றால் காரணம் மூன்று இடங்களில் இருக்கலாம். தையலில்: முடிச்சு தளர்ந்திருக்கும், துளையைச் சுற்றி ஒரே ஒரு சுற்றுச் சுற்றியிருப்பார்கள், துணியின் பின்பக்கம் நீண்டு கிடக்கும் நூல்வால் பக்கத்துத் தடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். சுற்றில்: விளக்கை நேர் எதிராகத் திருப்பித் தைத்திருப்பார்கள், அல்லது நேர்த்தடமும் எதிர்த்தடமும் எங்கோ குறுக்கிட்டிருக்கும். நிரலில்: 5ஆம் துளையில் தைத்துவிட்டு 6 என்று எழுதியிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே அறிகுறிதான். எந்த அடுக்கில் பிழை என்று தீர்மானிக்க, ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்துச் சோதிக்க வேண்டும். நிச்சயமாகச் சரியாக ஓடும் ஒரு நிரலை ஏற்றிப் பார்க்கலாம். அதிலும் எரியவில்லை என்றால் நிரல் குற்றவாளி அல்ல. அலிகேட்டர் கிளிப்பால் (பல்லுள்ள பிடிப்பான் பொருத்திய கம்பியால்) தையலைத் தாண்டி நேரடியாக இணைத்துப் பார்க்கலாம். எரிந்தால் நூலில்தான் சிக்கல். இப்படி ஐயத்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகும் முறையைத்தான் அனுபவமுள்ள நிரலாளர்கள் வாழ்நாள் முழுவதும் கையாள்கிறார்கள்.

கஃபாய், ஃபீல்ட்ஸ் குழுவினர் இதற்கென்றே இரண்டு பயிற்சிகளை உருவாக்கினார்கள். ஒன்றில், வேண்டுமென்றே பழுதாக்கிய துணிகளை ஆசிரியர் தயாரித்துக் கொடுக்க, மாணவர்கள் சரிசெய்கிறார்கள். மற்றொன்றில், மாணவர்களே பழுதுகளைத் திட்டமிட்டு உருவாக்கி மற்றொரு குழுவுக்குக் கொடுக்கிறார்கள். இரண்டாவதைத் தவறாமல் செய்யுங்கள். எதிரணியை மடக்கும் அளவுக்கு நல்ல பழுதை உருவாக்க வேண்டுமானால் முழு அமைப்பையும் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அத்தோடு, பிழை என்பது தன் அறிவுக் குறைவின் அடையாளம் என்ற கூச்சமும் அந்த விளையாட்டில் கரைந்துபோகிறது. இந்த வயதுப் பிள்ளைகளில் பலர் கணினியை விட்டு விலகுவதற்குப் பாடத்தின் கடினத்தைவிட அந்தக் கூச்சமே பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

துணிக்கு இன்னொரு கண்டிப்பும் உண்டு. தாளில் சுற்றுப்படம் வரையும்போது இரண்டு கோடுகள் குறுக்கிட்டால் ஒன்றை மேலே வளைத்து வரைந்து சமாளிக்கலாம். உறையில்லாத கடத்தும் நூலில் அது நடக்காது, குறுக்கிட்டால் குறுக்குச்சுற்றுதான். விளக்குகளை எங்கே வைத்தால் தடங்கள் ஒன்றையொன்று தொடாமல் பலகைக்குப் போகும் என்று முன்னதாக யோசித்தே ஆக வேண்டும். தைத்ததைப் பிரிக்க அரை மணி நேரம் பிடிக்கும் என்பதால், திட்டம் போடச் சொல்லி நீங்கள் மன்றாடத் தேவையில்லை. இரண்டாவது வேலைக்குள் தானாகவே பென்சிலை எடுத்துவிடுவார்கள். துணியின் அதே அளவுள்ள தாளில், நேர்த்தடத்தைச் சிவப்பிலும் எதிர்த்தடத்தைக் கறுப்பிலும் வரைந்து, நீங்கள் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் ஊசி என்று விதி வையுங்கள்.

பொருள்களைப் பற்றி. துணிக்கு ஃபெல்ட் சிறந்தது. இழுபடாது, மடியாது, தடிமனாக இருப்பதால் மேல்பக்கம் தைத்த நூல் கீழே தெரியாமல் போகவும் வழியுண்டு. நூல் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு இழை. வகையைப் பொறுத்து ஓர் அடிக்கு 10 முதல் 30 ஓம் வரை மின்தடை இருக்கும். சிறு தூரத்துக்குப் பொருட்படுத்த வேண்டாம். நீண்ட தடத்தின் கடைசியில் இருக்கும் விளக்கு மங்கலாக எரிவதற்கு அதுவே காரணம். முடிச்சின்மேல் ஒரு துளி நிறமற்ற நகப்பூச்சு வைத்தால் அவிழாது. சாதாரண ஓட்டுத் தையலே போதும். 3 வோல்ட் பட்டன் பேட்டரியில் சிவப்பு விளக்கையும் நீல விளக்கையும் மின்தடை சேர்க்காமல் பக்க இணைப்பில் தைத்தால் சிவப்பு எரியும், நீலம் எரியாமலே போகலாம். சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3 வோல்ட்டுக்கு அருகில் வேண்டும். சிவப்பு மின்னழுத்தத்தை இழுத்துக் கீழே இறக்கிவிடும். தைப்பதற்கென்றே வரும் எல்இடிகளில் மின்தடை சேர்ந்தே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

லிலிபேட்தான் வேண்டும் என்பதும் இல்லை. அடாஃப்ரூட் நிறுவனத்தின் சர்க்யூட் பிளேகிரவுண்ட் பலகையிலேயே விளக்குகளும் உணரிகளும் இருக்கின்றன. மைக்ரோபிட் பலகையின் பெரிய துளைகளிலும் தைக்கலாம். உங்கள் பள்ளியில் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருந்தால் சாதாரண ஆர்டுயினோ பலகைகள் அலமாரியில் கிடக்கும். அவற்றைத் தைக்க முடியாது, ஆனால் கிளிப் மாட்டி நிரலைச் சோதித்துப் பார்க்க நன்றாக உதவும்.

பட்டன் பேட்டரியைப் பற்றி மட்டும் கண்டிப்பாக இருங்கள். உங்கள் மாணவர்கள் விழுங்க மாட்டார்கள்; அவர்கள் வீட்டிலுள்ள தம்பி தங்கைகள் விழுங்கலாம். லித்தியம் பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கும். வகுப்பு முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்கிப் பூட்டி வையுங்கள். வீட்டுக்குப் போகும் துணியில் பேட்டரி வேண்டாம்.

ஜரிகையில் மின்சாரம் பாயுமா என்று நம் வகுப்பில் யாராவது கேட்பார்கள். அருமையான கேள்வி. பட்டிழைமேல் வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன்முலாம் பூசும் அசல் ஜரிகை மின்சாரத்தைக் கடத்தும். பிளாஸ்டிக் இழையில் பளபளப்புப் பூசிய மலிவான ஜரிகையை நம்ப முடியாது. பழைய புடவைக்கரையின் துணுக்குகளை எடுத்துவரச் சொல்லி மல்டிமீட்டரால் சோதிக்க விடுங்கள். எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் ரெமி போஸ்ட்டும் மேகி ஆர்த்தும் 1997இல் துவைக்கக்கூடிய கணினித் துணிகளைப் பற்றி எழுதியபோது அவர்கள் பயன்படுத்தியதும் உலோகத் தகடு சுற்றிய இழையோடிய ஆர்கன்சா என்ற மெல்லிய பட்டுத் துணிதான். அதுபோன்ற துணி இந்தியாவில் நெடுங்காலமாக நெய்யப்படுகிறது என்பதையும் அவர்கள் குறிப்பிட்டார்கள்.

வகுப்பை நடத்தும்போது இரண்டு விஷயங்களில் கண் வையுங்கள். இருவர் குழுவில் ஒருவர் தைத்துக்கொண்டே இருக்க, மற்றவர் விசைப்பலகையைப் பிடித்துக்கொள்வார். ஆணும் பெண்ணும் சேர்ந்த குழுவில் யார் எந்தப் பக்கம் போவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் பாதி நேரத்தில் இடம் மாற்றுங்கள். நான் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. இரண்டாவது, மொழி. தமிழ்வழி மாணவர்கள் நிரலின் ஆங்கிலச் சொற்களைக் கண்டு ஒதுங்கினால், முதலில் தமிழ் வாக்கியங்களாக எழுதச் சொல்லுங்கள்: 'இடது சுவிட்சை அழுத்தினால், இரண்டு கண்களையும் எரிய விடு.' தருக்கம் தமிழில் சரியாக நின்றுவிட்டால், அதை நிரல்மொழிக்கு மாற்றுவது சில சொற்களைப் பழகும் வேலை மட்டுமே.

மதிப்பெண்ணை முடிந்த துணியின் அழகுக்குக் கொடுக்காதீர்கள். வீட்டில் தையல் தெரிந்த அம்மா இருக்கும் பிள்ளை ஜெயித்துவிடும். லாஸ் ஏஞ்சலஸ் வகுப்புகளில் மாணவர்கள் ஒரு தொகுப்பேடு வைத்திருந்தார்கள்: முதல் சுற்றுப்படம், மாற்றிய சுற்றுப்படம், என்ன பழுதானது, எப்படிக் கண்டுபிடித்தேன், நிரலில் எதை ஏன் மாற்றினேன். அதைப் படித்து மதிப்பிடுங்கள். கூடவே சிறிய வாய்மொழித் தேர்வு வையுங்கள். மாணவரின் சொந்தத் துணியைக் கையில் எடுத்து, 'இந்த விளக்கு மூன்று முறை மின்னிவிட்டு நிற்க வேண்டும், நிரலில் எங்கே கைவைப்பாய்?' என்று கேட்டால் போதும். புரிந்தவரும் நகலெடுத்தவரும் உடனே தெரிந்துவிடுவார்கள்.

நேரக் கணக்கு: அமெரிக்க வகுப்புகளில் நான்கு வேலைகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 10 முதல் 12 வாரங்கள் எடுத்துக்கொண்டார்கள். உங்களுக்கு அதில் பாதிதான் கிடைக்கும் என்றால் வாழ்த்து அட்டையை ஒரே வகுப்பில் முடியுங்கள். மணிக்கட்டுப் பட்டையில் மூன்று விளக்குக்குப் பதில் ஒன்று வையுங்கள். சுவர்ப்படத்தைக் கைவிட்டு, இரண்டு சுவிட்சு நிரலைத் தைக்காமல் கிளிப்புகளை வைத்தே செய்யுங்கள். மிச்சப்படும் வாரங்கள் அனைத்தையும் நான்காவது வேலைக்கும், பழுது பரிமாற்றத்துக்கும் கொடுங்கள்.